அங்கோர் வாட்ல குரங்கு கடிச்சப்போ எனக்கு தெரியாம போன விஷயங்கள்

கம்போடியா போகணும்ங்கறது எனக்கு பன்னெண்டு வருஷ ஆசை. எல்லாரும் அங்கோர் வாட் பாக்கத்தான் போவாங்க, எனக்கு அங்க இருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டர் தள்ளி பன்டே ஸ்ரேன்னு ஒரு சின்ன சிவன் கோயில் இருக்கே, அது மேலதான் மனசு. அந்த கோயில் வாசல் நெத்தியில சிவன் ஆடற மாதிரி ஒரு சிற்பம், பக்கத்துல கீழ எலும்பும் தோலுமா ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, அது நம்ம காரைக்கால் அம்மையார்னு என்னைக்கு படிச்சேனோ அன்னைல இருந்து அத நேர்ல பாத்தே ஆகணும்னு இருந்தேன். வீட்ல யாருக்கும் லீவு கெடைக்கல, சரி நானே போயிட்டு வரேன்னு போன ஜனவரியில தனியா கெளம்பிட்டேன். விசா, ஓட்டல், பாஸ், என்ன டிரெஸ் போடணும்னு எல்லாத்தையும் மாசக்கணக்கா படிச்சு தயார் பண்ணேன். ஆனா குரங்க பத்தி யாரும் சொல்லல, எனக்கும் தோணல. ரெண்டாவது நாள் காலைல எட்டரை மணிக்கு அங்கோர் வாட் வளாகத்துக்குள்ளயே ஒரு குரங்கு என் கைய கடிச்சிருச்சு. அதுக்கப்புறம் நடந்தது, நான் பண்ண தப்பு, போன காசு எல்லாத்தையும் வரிசையா எழுதறேன். அன்னைக்கு ராத்திரி ரூம்ல தனியா உக்காந்து போன்ல தேடினப்போ தமிழ்ல எனக்கு ஒண்ணுமே கெடைக்கல, இன்னொருத்தர் அப்படி உக்காந்துடக் கூடாது.

திங்கக்கிழமை மதியம் அங்கோர் வாட் பக்கத்துல இருக்கற சியெம் ரீப் ஊர்ல இறங்கினேன். ஏர்போர்ட் 2023 அக்டோபர்ல புதுசா மாத்தினது, ஊர்ல இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, பழைய ஏர்போர்ட்ட மனசுல வச்சு போட்ட பழைய குறிப்பெல்லாம் இப்ப செல்லாது, அதனால டாக்சி செலவ கணக்குல வச்சுக்கோங்க. அங்கோர் கோயில்களுக்குள்ள போக பாஸ் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. நான் மூணு நாள் பாஸ் எடுத்தேன். கோயில் வாசல்ல டிக்கெட் தர மாட்டாங்க, தனியா ஒரு டிக்கெட் ஆபீஸ் இருக்கு, அங்க நம்ம போட்டோ எடுத்து பாஸ்லயே அச்சடிச்சு தருவாங்க. இந்த மூணு நாள் பாஸ அடுத்தடுத்த மூணு நாள்லதான் பயன்படுத்தணும்னு இல்ல, பத்து நாளுக்குள்ள எந்த மூணு நாளும் போகலாம். வாங்கும்போது இத ஒரு சின்ன சௌகரியம்னுதான் நெனச்சேன், கடைசியில இதுதான் என்ன காப்பாத்துச்சு, அத அப்புறம் சொல்றேன். என் திட்டம் செவ்வாய் அங்கோர் வாட், பக்கத்துல பேயோன் கோயில், புதன் கார் வச்சு பழைய தலைநகரான கோ கெர், வியாழன் பன்டே ஸ்ரே, வெள்ளி காலைல பஸ்ல இப்போதைய தலைநகர் நொம் பென் போய் அங்க மியூசியம் பாத்துட்டு சனிக்கிழமை அங்க இருந்தே ஃப்ளைட்.

செவ்வாய்க்கிழமை விடியக்காலை நாலரைக்கே டுக் டுக் வந்துருச்சு. ஓட்டுனவர் நாப்பது வயசு இருக்கும், என்ன "போங்"னு கூப்பிட்டார், அவங்க மொழியில அக்கா அண்ணனுக்கு அதான் மரியாதையான வார்த்தை, நானும் அவர அப்படியே கூப்பிட்டேன். இருட்டுல அகழிய தாண்டி உள்ள போய், குளத்துக்கிட்ட நின்னு சூரியன் கோபுரத்துக்கு பின்னாடி ஏறறத பாத்தேன். ரெண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டுல விஷ்ணுவுக்கு கட்டினது, மேற்கு பாத்த வாசல், அதனாலதான் காலைல கோயிலுக்கு பின்னாடி சூரியன் வருது. அந்த நேரத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு, அத மறைக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் வடக்கு பக்கம் மரத்தடியில இருக்கற கடையில காப்பியும் ஒரு சீப்பு சின்ன வாழப்பழமும் வாங்கிட்டு, ரோஸ் கலர் கேரி பேக்க கையில தொங்கவிட்டுக்கிட்டு நடந்தேன். ஒரு குட்டி குரங்கு வந்து பக்கத்துல உக்காந்துச்சு. கோயில்ல குரங்க பாத்தா ஆஞ்சநேயா ஒரு பழம்னு குடுத்து பழகின கை, யோசிக்காம ஒண்ண உரிச்சு நீட்டிட்டேன். இதுதான் மொத தப்பு. அடுத்த செகண்டு பின்னாடி இருந்து பெருசு ஒண்ணு பைய புடிச்சு இழுத்துச்சு. நான் விட்டிருக்கணும், ஆனா உள்ள பர்சும் பாஸும் இருக்கற என்னோட துணிப்பையும் அதே கையில சுத்தியிருந்தது, பதறிப்போய் திருப்பி இழுத்தேன். அது வாய முழுசா திறந்தத பாத்தேன், அந்த நீட்டு கோரப்பல்லு மஞ்சளா இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு, அப்புறம் மணிக்கட்டுக்கு மேல சுருக்குன்னு. ரெண்டு செகண்டுதான். பழம் இருந்த கேரி பேக்க எடுத்துக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. என் கையில நாலு பல்லு குறி, அதுல ரெண்டு நல்லா ஆழமா இறங்கி ரத்தம் வந்துக்கிட்டிருந்தது.

இப்ப ரெண்டாவது தப்ப சொல்றேன், இதுதான் பெரிய தப்பு. டிஷ்யூ வச்சு தொடச்சேன், ஹேண்ட் சானிடைசர் ஊத்தினேன், துப்பட்டாவ சுத்தி கட்டிக்கிட்டேன், சின்ன காயம்தானேன்னு உள்ள போயிட்டேன். அம்பது அறுபது பேர் சுத்தி இருந்தாங்க, ஒருத்தர் "நாய்தான் ஆபத்து, குரங்கு ஒண்ணும் செய்யாது"ன்னு சொன்னார், எனக்கும் அது நெசமா இருக்கணும்னுதான் ஆசை. அவ்வளவு தூரம் வந்துட்டு, அவ்வளவு காசு குடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்கு போக மனசு வரல. மேற்கு பக்க பிராகாரத்துல இலங்கைப் போர் சிற்பம் இருக்கு, ராமர் அனுமார் தோள் மேல நின்னு அம்பு விடறார், சுத்தி வானரங்க ராட்சசங்கள கையாலயும் பல்லாலயும் கடிச்சு குதறுதுங்க. அந்த சுவத்துக்கு முன்னாடி நின்னப்போ துப்பட்டாவுக்கு மேல ரத்தம் ஊறி வந்திருந்தது. அப்பகூட நான் வெளிய போகல. கிழக்கு பக்கம் போய் 49 மீட்டர் நீளத்துக்கு பாற்கடல் கடையற சிற்பத்த பாத்தேன், அப்புறம் பேயோனுக்கும் போயிட்டேன். அதுக்குள்ள கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆயிருச்சு, சோப்பு தண்ணி படாம அந்த காயம் அப்படியே இருந்துச்சு.

மதியம் ஒரு மணிக்கு டுக் டுக்ல ஏறும்போதுதான் டிரைவர் கைய பாத்தார். அவர் முகம் மாறிருச்சு. "போங், இது நல்லதில்ல, ஆஸ்பத்திரி போகணும்"னு சொன்னார். நான் ரூமுக்கு விடுங்கன்னு சொல்லிட்டேன். ரூம்ல ஏசி போட்டு படுத்து தூங்கி எழுந்தா சாயங்காலம் கை வீங்கி விரல் மடக்க முடியல. தங்கச்சிக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்பினேன், அவ நர்ஸ். உடனே வீடியோ கால்ல வந்தா, ஹலோ கூட சொல்லல. "அக்கா, சோப்பு போட்டு கழுவுனியா?" இல்லடி, சானிடைசர் போட்டேன்னு சொன்னேன். "இப்ப எழுந்து போ, பாத்ரூம் குழாயத் திற, நான் லைன்ல இருக்கேன், பதினஞ்சு நிமிஷம் ஆகறவரைக்கும் நிறுத்தாத." வாஷ்பேசின் ஓரத்துல போன சாத்தி வச்சுக்கிட்டு ஓட்டல் குளியல் சோப்பு துண்ட காயத்துக்குள்ள நொரை போற மாதிரி தேச்சேன், எரிஞ்ச எரிச்சல்ல அழுதுட்டேன், அவ நேரத்த எண்ணிக்கிட்டே இருந்தா. ரேபிஸ்ங்கற வெறிநாய்க்கடி நோயோட கிருமிக்கு வெளிய ஒரு கொழுப்பு உறை இருக்கு, சோப்பு அத ஒடச்சிரும், ஓடற தண்ணி மிச்சத்த அடிச்சுட்டு போயிரும், சானிடைசர் மேலாப்ல பட்டு காஞ்சிரும், பல்லு இறங்கின ஆழத்துக்கு போகாதுன்னு அவதான் சொன்னா. அங்கோர் வாட்லயே கழிப்பறை இருக்கு, குழா இருக்கு. கடிச்ச அஞ்சாவது நிமிஷம் அத செஞ்சிருக்கலாம். பையில ஒரு சின்ன சோப்பு துண்டு போட்டுக்கோங்க, வேற எத மறந்தாலும் இத மறக்காதீங்க. கழுவின அப்புறம் பெட்டாடின் போடலாம், மஞ்சள், மிளகாப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்புன்னு எதையும் அப்பக்கூடாது, இறுக்கி கட்டும் கட்டக்கூடாது.

ராத்திரி பத்து மணிக்கு அதே டிரைவருக்கு போன் பண்ணேன். பத்து நிமிஷத்துல வந்து நின்னார். ஒரு தனியார் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போனார். டாக்டர் காயத்த பாத்துட்டு இது மூணாம் வகை கடின்னு சொன்னார். அதாவது தோல் மேல கீறல் மட்டும் இருந்து ரத்தம் வரலைன்னா ரெண்டாம் வகை, அதுக்கு ஊசி மட்டும் போதும், தோல் கிழிஞ்சு ரத்தம் வந்திருந்தா மூணாம் வகை, அதுக்கு நாய்க்கடி ஊசியோட சேத்து இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு மருந்த காயத்துக்குள்ளயும் சுத்தியும் குத்தி ஏத்தணும். ஊசி போட்டா நம்ம உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அது வரைக்கும் காயத்துலயே கிருமிய புடிச்சு வைக்கத்தான் இந்த மருந்து. நாய்க்கடி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டாங்க. இம்யூனோகுளோபுலின் அங்க ஸ்டாக் இல்ல. பில் 138 டாலர். "நாளைக்கு காலைல வேற எடத்துல கேளுங்க"ன்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க.

அன்னைக்கு ராத்திரி எப்படி போச்சுன்னு எழுதறது கஷ்டம். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அனேகமா யாரும் பொழைக்கறதில்லன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிஞ்சும் நாலு மணி நேரம் சிற்பம் பாத்துட்டு திரிஞ்சேனேன்னு என் மேலயே கோவம். தொண்டை காஞ்சா பயம், தண்ணி குடிக்க பயம். வீட்டுக்காரருக்கு சொன்னா பதறுவார்னு சொல்லல, அதுவும் தப்பு, சொல்லியிருக்கணும். தங்கச்சி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெசேஜ் பண்ணிக்கிட்டே இருந்தா. அவ சொன்ன ஒரு விஷயம்தான் என்ன தூங்க வச்சுது: இம்யூனோகுளோபுலின மொத ஊசி போட்ட நாள்ல இருந்து ஏழு நாளுக்குள்ள போட்டா போதும், நோய் வெளிய வர பொதுவா வாரங்கள், மாசங்கள் ஆகும், அதனால ஒரு ராத்திரியில எதுவும் கைமீறிப் போயிடாது. அதுக்காக தள்ளிப்போடலாம்னு அர்த்தம் இல்ல. லேட் ஆயிடுச்சுன்னு பயந்து போகாமலே இருந்துடாதீங்க, எவ்வளவு லேட் ஆனாலும் போங்க.

புதன்கிழமை காலைல ரெண்டாவது ஆஸ்பத்திரி. நேர்ல போகாம முதல்ல ஓட்டல் வரவேற்புல இருந்த பொண்ண விட்டு போன் பண்ணி "மருந்து இருக்கா, எத்தன குப்பி, என்ன வெல"ன்னு அவங்க மொழியிலயே கேக்க வச்சேன், அந்த ஒரு வேலைய மட்டும் சரியா செஞ்சேன். மருந்து உடம்பு எடைக்கு கணக்கு, மனுஷ ரத்தத்துல இருந்து எடுக்கறதுன்னா கிலோவுக்கு 20 யூனிட். நான் 54 கிலோ, 1080 யூனிட், 300 யூனிட் குப்பி நாலு தேவை. ஒரு குப்பி 165 டாலர். நாலுக்கு 660, டாக்டர், கட்டு எல்லாம் சேத்து 730. கையில இருந்தது 210 டாலர். கார்ட குடுத்தேன், மெஷின் ஏத்துக்கல. ரெண்டாவது கார்டு, அதுவும் போகல. அப்பதான் புரிஞ்சுது, வெளிநாட்டு பயன்பாட்ட பேங்க் ஆப்ல நான் ஆன் பண்ணவே இல்ல. ஆன் பண்ண ஆப்ப திறந்தா அது என் சிம்முக்கு மெசேஜ் அனுப்புது, என் சிம்ல ரோமிங் இல்ல, உள்ளூர் டூரிஸ்ட் சிம் போட்டுட்டு நம்ம சிம்ம கழட்டி பர்சுல வச்சிருந்தேன். கவுண்டருக்கு முன்னாடி கை வீங்கி நின்னுக்கிட்டு, குண்டூசியால அந்த சிம் தட்ட திறந்து மாத்தி, ரோமிங் பேக் போட வைஃபைல அல்லாடி, ஓ.டி.பி. வர ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. ஊர்ல சோபாவுல உக்காந்து ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருக்க வேண்டிய வேலை. கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு கார்டுல இல்ல, ரெண்டு கார்டுல வெளிநாட்டு பயன்பாட்ட ஆன் பண்ணி, லிமிட்டையும் ஏத்தி வச்சுக்கோங்க. சிம்ல சின்னதா ஒரு ரோமிங் பேக் போட்டுக்கோங்க, மெசேஜ் வந்தா போதும். கிழியாத, கறை இல்லாத டாலர் நோட்டு கொஞ்சம் தனியா வச்சுக்கோங்க, லேசா கிழிஞ்சிருந்தாலே அங்க வாங்க மாட்டாங்க, சில்லறை மட்டும் ரியெல்ல திருப்பி தருவாங்க, ஒரு டாலருக்கு 4000 ரியெல் கணக்கு.

காயத்துக்குள்ள அந்த மருந்த குத்தினது பிரசவ வலிக்கு அடுத்ததா நான் தாங்கின வலி, நாலு குறியிலயும் சுத்தி சுத்தி குத்தினாங்க, நர்ஸ் பொண்ணு என் இன்னொரு கைய புடிச்சுக்கிட்டே இருந்தா. டாக்டர் பொறுமையா பேசினார். குரங்கால ரேபிஸ் வர்றது ரொம்ப அபூர்வம், மனுஷங்களுக்கு வர்றதுல அனேகமா எல்லாமே நாய்க்கடியாலதான், ஆனா கடிச்ச குரங்க புடிச்சு சோதிக்க முடியாத எடத்துல ரிஸ்க் எடுக்க யாராலயும் முடியாதுன்னார். அந்த வகை நீண்ட வால் குரங்குகிட்ட பி வைரஸ்னு ஒண்ணும் இருக்கலாம், அதுவும் அபூர்வம்தான், ஆனா வந்தா மூளைய பாதிக்கும்னு சொல்லி வாலசைக்ளோவிர் மாத்திரையும், கடிக் காயத்துக்கான ஆன்டிபயாடிக்கும் எழுதினார். அது வெளிய பார்மசியில 62 டாலர். அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் மனச அறுத்துக்கிட்டே இருக்கு. பயணத்துக்கு முன்னாடியே நாய்க்கடி ஊசி ரெண்டு, ஒரு வாரம் இடைவெளியில போட்டிருந்தா, கடிச்சப்புறம் இந்த 660 டாலர் மருந்து தேவையே இல்லயாம், கழுவிட்டு ரெண்டு ஊசி மட்டும் போட்டா போதும். உலக சுகாதார நிறுவனம் 2018ல குடுத்த வழிமுறையே அதுதான். கடிச்சப்புறம் தோல்ல போடற மூணு தவணை, ஒரே வாரத்துல 0, 3, 7ஆம் நாள்னு முடியற முறைய கண்டுபிடிச்சு குடுத்ததே நொம் பென்ல இருக்கற பாஸ்டர் இன்ஸ்டிடியூட்தான், அதுவும் 2018ல ஏத்துக்கிட்டாங்கன்னு பெருமையா சொன்னார். எனக்கு போட்டது சதையில போடற முறை, 0, 3, 7, 14, 28. ஊசி பேரு, பேட்ச் நம்பர், தேதி எல்லாம் போட்டு ஒரு கார்டு கேட்டு வாங்குங்க, ஊர்ல மிச்சத்த தொடர அது வேணும்.

அன்னைக்கு கோ கெர் கார் புக்கிங் போச்சு, அட்வான்ஸ் 40 டாலர் திரும்பி வரல. வியாழக்கிழமை காய்ச்சல், கை தொங்கிப்போச்சு, ரூம விட்டு வெளிய வரல. கோ கெர் பத்தி எவ்வளவு படிச்சிருந்தேன், நாலாம் ஜெயவர்மன் 928ல தலைநகர அங்க மாத்தி, ஏழு அடுக்கா 36 மீட்டர் உயரத்துக்கு பிரமிட் மாதிரி கோயில் கட்டினது, 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. அங்க இருந்து திருடிட்டு போன துரியோதனன், பீமன் சிலைங்க 2014ல அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்துச்சு, அதத்தான் நொம் பென் மியூசியத்துல பாக்கணும்னு வெள்ளிக்கிழமைய ஒதுக்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை மூணாம் நாள் ஊசி, அத சியெம் ரீப்லயே போட்டாகணும், காலை பஸ் டிக்கெட்டும் நொம் பென் ஓட்டலும் சேந்து 52 டாலர் போச்சு. அந்த ரெண்டு எடமும் போனதுக்கு காச விட அதிகமா அழுதேன்.

குரங்குங்கள திட்ட எனக்கு மனசு வரல. அதுங்கள இப்படி ஆக்கினது நாமதான், நான் நீட்டின அந்த ஒரு பழமும் சேத்துத்தான். அங்கோர்ல வீடியோ எடுத்து காசு பாக்கறவங்க குரங்குங்களுக்கு தீனி போட்டு பழக்கறதும், சண்டைக்கு இழுக்கறதும், துன்புறுத்தறதும் பெரிய பிரச்சினையாகி 2024ல அந்த வளாகத்த பாத்துக்கற அப்சரா ஆணையம் விசாரணைக்கே போச்சு. தீனி போட்டு பழகின கூட்டத்துக்கு கேரி பேக் சத்தம்னாலே சாப்பாடுன்னு அர்த்தம். அதனால உள்ள போகும்போது சாப்பிடற பொருள் எதுவும் வேணாம், பிளாஸ்டிக் கவர் வேணவே வேணாம், தண்ணி பாட்டில் கூட பைக்குள்ள இருக்கட்டும், கலரா ஜூஸ் பாட்டில் கையில தொங்கினா அதயும் புடுங்கும். பர்ச உடம்போட ஒட்டின மாதிரி போட்டுக்கோங்க, அப்பதான் பைய இழுத்தா தயங்காம விட முடியும். கண்ண நேரா பாக்காதீங்க, பல்ல காட்டி சிரிக்காதீங்க, அதுங்களுக்கு அது சண்டைக்கு கூப்பிடறது. குட்டி பக்கத்துல வந்தா அழகா இருக்குன்னு நிக்காதீங்க, அம்மாவும் கூட்டமும் எங்கயோ பின்னாடி இருக்கும். ஓடாதீங்க, மெதுவா பின்னாடியே நகந்து போங்க. கொழந்தைங்கள கூட்டிட்டு போறவங்க இத ரூம்லயே சொல்லி கூட்டிட்டு போங்க, பிஸ்கட் கையில குடுத்து கூட்டிட்டு போகாதீங்க. ஆளுங்க நடமாடற பாதையிலயே இருங்க, அத விட்டு காட்டுக்குள்ள ஒதுங்க வேணாம், தூரத்து கோயில் பக்கங்கள்ல போர்க்கால கண்ணிவெடி பயம் இன்னும் முழுசா தீரல.

வெள்ளிக்கிழமை காலைல ஊசி, 65 டாலர். வெளிய வந்தா டிரைவர் நிக்கறார். "போங், உங்க பாஸ்ல இன்னும் ரெண்டு நாள் இருக்கு, பஸ் ராத்திரி பதினொண்ணுக்குத்தானே"ன்னார். பத்து நாள் கணக்கு இருக்கறதாலதான் அது சாத்தியமாச்சு. கைய தொட்டில் மாதிரி கட்டிக்கிட்டு, பைய வண்டி சீட்டுக்கு அடியில பூட்டி வச்சுட்டு, பாஸும் போனும் மட்டும் எடுத்துக்கிட்டு மதியம் ரெண்டரைக்கு பன்டே ஸ்ரே வாசல்ல நின்னேன். 967ல கும்பாபிஷேகம் ஆன கோயில், ராஜா கட்டினது இல்ல, யக்ஞவராகர்னு ஒரு பண்டிதர் கட்டினது. எல்லாமே சின்னது, கருவறை கதவு உயரம் குனிஞ்சு போற அளவுக்குத்தான். கல்லு செம்மண்ணும் ரோஸும் கலந்த நெறம், மரத்துல இழைச்ச மாதிரி செதுக்கியிருக்காங்க, ராவணன் கைலாசத்த அசைக்கறது, காமன எரிக்கறது எல்லாம் ஒவ்வொரு வாசல் மேலயும். நான் எதயும் நின்னு பாக்கல, அந்த ஒண்ணத்தான் தேடினேன்.

அண்ணாந்து பாக்கற உயரத்துல இருந்தாங்க. நடுவுல நிறைய கையோட சிவன் ஆடறார், காலடியில ஒரு பக்கம் வாத்தியக்காரர், இன்னொரு பக்கம் அம்மையார். விலா எலும்பு ஒவ்வொண்ணா எண்ணலாம், வத்தின மார்பு தொங்குது, முகம் மட்டும் மேல, ஆடற கால பாத்தபடி. இந்த அழகான உடம்பு வேணாம், உன் ஆட்டத்த பாத்துக்கிட்டே இருக்க பேய் உருவம் குடுன்னு கேட்டவங்க. கடல் தாண்டி எந்த நாட்டுக்கோ போய், தமிழே தெரியாத ஒரு சிற்பி கையால, கேட்ட எடத்துலயே, காலடியிலயே உக்காந்திருக்காங்க. டிரைவரும் உள்ள வந்திருந்தார், பக்கத்துல நின்னு யார் இதுன்னு கேட்டார். எனக்கு தெரிஞ்ச இங்கிலீஷ்ல மாங்கனி கதையில இருந்து தலையால நடந்து கைலாசம் போனது வரைக்கும் சொன்னேன். இத்தன வருஷமா ஆளுங்கள கூட்டிட்டு வரேன், இந்த அம்மா யார்னு யாரும் சொன்னதில்லன்னு சொல்லிட்டு, தொப்பிய கழட்டிட்டு கை குவிச்சு நின்னார். நானும் ஒத்தக் கைய நெஞ்சுல வச்சு நின்னேன்.

ராத்திரி பஸ்ஸுக்கு 17 டாலர் ஆச்சு, சனிக்கிழமை நொம் பென் ஏர்போர்ட், ஊர். ஏழு, பதினாலு, இருபத்தெட்டாம் நாள் ஊசி மூணும் இங்க போட்டுக்கிட்டேன், ஊர்ல பாத்த டாக்டர் அந்த கார்ட பாத்துட்டு அதே வரிசையில தொடர்ந்தார். ஆஸ்பத்திரி, மருந்து, ஊசி 995 டாலர், ஆஸ்பத்திரிக்கு ஓடின வண்டி 30, வீணா போன புக்கிங் 92, ஆக 1117 டாலர், நம்ம கணக்குல 96 ஆயிரத்துக்கு பக்கம். மூணு நாள் பாஸ்ல ஒரு நாள் வீணாவே போச்சு, அத இதுல சேக்கல. இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன், அதுல ரெண்டரை மாசம் கழிச்சு 833 டாலருக்கான பணம் வந்துச்சு. வெளிநோயாளி சிகிச்சைக்கு மொத 100 டாலர் நம்ம பொறுப்புன்னு பாலிசியிலயே இருந்திருக்கு, நான் படிக்கல. பார்மசி பில்லுல என் பேர் இல்லாததால அந்த 62 வரல, சின்ன பில்லா இருந்தாலும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி பேரு போட்டு வாங்குங்க. டாக்டர் அறிக்கையில "விலங்கு கடி"ன்னு, எந்த தேதி, எத்தன மணிக்குன்னு எழுத சொல்லுங்க, போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட் முத்திரை பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. முக்கியமா, ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னாடியோ அங்க உக்காந்தோ இன்சூரன்ஸ் உதவி நம்பருக்கு ஒரு போன் போட்டுடுங்க, நான் மூணு நாள் கழிச்சு சொன்னதுக்கு நாலு தடவ விளக்கம் எழுத வேண்டியதாச்சு.

மணிக்கட்டுக்கு மேல நாலு வெள்ளைத் தழும்பு இருக்கு. கோ கெர் இன்னும் பாக்கி, துரியோதனனும் பீமனும் பாக்கி, அடுத்த வருஷம் வீட்டுக்காரரும் வரேன்னு சொல்லியிருக்கார். அவருக்கு கெளம்பறதுக்கு மாசத்துக்கு முன்னாடியே ரெண்டு ஊசி போட தேதி குறிச்சாச்சு, என்னோட ஊசி கார்டு பாஸ்போர்ட் உறைக்குள்ளயே இருக்கு, சோப்பு துண்டு ஒண்ணு பையோட முன் ஜிப்ல.